அடக்கமும் அடிபணிதலும்
(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விளையாட்டுப் பந்தயங்களில் வென்ற நம் சிறுவர் சிறுமியர் சற்று முன்னர்ப் பரிசு பெற்று மகிழ்ந்ததைக் கண்டோம். ஆதலின் விளையாட்டைப் பற்றியே சில வார்த்தைகள் கூற விழைகின்றேன். ஒரு தேசத்தின் சார்பாக ஆடுவோரைத் தெரிந்தெடுக்குங்கால் திறமையை நோக்க வேண்டுமா, பணிவை நோக்க வேண்டுமா என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

பணிவே முதன்மையானது என்பார் கூற்றில் உண்மை இல்லாமற் போகவில்லை. கிரிக்கெட்டில் பதினொருவர் ஒருவராய் இயங்க வேண்டும். தலைக்குத் தலை நாட்டாண்மை செய்யின் ஆட்டம் நடவாது. தலைவன் நிறுத்திய இடத்தில் நிற்பதும், பந்தை எறியென்றபோது எறிவதும், நில்லென்றபோது நிற்பதும் ஆட்டக்காரன் கடமை. இதனை மறுப்பார் இலர். ஆனால் ஆட்டத்தின் ஒழுங்கிற்கு அடங்குதல் வேறு. தலைவன் ஒருவனுடைய மனநிலைக்கு அடிபணிதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கியதால் விளைந்த தீங்கிற்கு 1936 ஆம் ஆண்டின் நிகழ்ச்சியொன்றைச் சான்றாகக் காட்டுவேன்.

கபுர்தலாவிற் பிறந்த லாலா அமர்நாத் எளிய குடும்பத்தவர். 1933 டிசம்பரில் பம்பாயில் இங்கிலாந்து அணியை எதிர்த்துத் தாம் ஆடிய முதல் டெஸ்டு ஆட்டத்திலேயே 118 ஓட்டங்கள் எடுத்தார். டெஸ்டு ஆட்டத்தில் இந்திய அணிக்காக எடுக்கப்பட்ட முதற் சதம் அதுவே. 1936 இல் இந்திய அணி இங்கிலாந்து சென்றபோது, எஸ்ஸெக்ஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் இரு சதங்கள் அடித்தார். பந்து வீச்சிலும் சிறந்து விளங்கினார்.

அவ்வணிக்குத் தலைவராய் அமைந்தவர் விஜயநகரத்து மகாராஜகுமார். செல்வமும் செல்வாக்கும் உடையவர், சி. கே. நாயுடு போன்ற தேர்ந்த வீரர் இருக்கவும் தலைமை அவரிடமே சென்றது. லார்ட்ஸ் மைதானத்தில் மைனர் கௌண்டீஸ் அணியுடன் நடந்த ஆட்டத்தில், அமர்நாத்தை மட்டையாட ஆயத்தமாய் இருக்கச் சொல்லிவிட்டு, வேறு பலரை ஒருவர்பின் ஒருவராக முன்னே அனுப்பினர். மாலையில் ஆட்டம் முடியுந் தறுவாயிலேயே அவர்முறை வந்தது. திரும்பி வந்தவர் தம் ஆட்டக் கருவிகளை வீசியெறிந்து, பஞ்சாபியில் ஏதோ சினந்து கூறினார். அவ்வளவே. ஒழுங்கீனம் என்னும் குற்றஞ்சாட்டி, முதல் டெஸ்டு தொடங்கு முன்னரே அவரை நாட்டிற்குத் திருப்பியனுப்பி விட்டனர்.

பின்னர் நிகழ்ந்தது யாது? மூன்று டெஸ்டு ஆட்டங்களில் இரண்டில் இந்திய அணி ஒன்பது விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. ஒன்று முடிவின்றி நின்றது. அம்மூன்று ஆட்டங்களிலும் தலைவர் எடுத்த ஓட்டங்கள் மொத்தம் 33. பம்பாய்ப் பிரதம நீதிபதி ஸர் ஜான் போமண்டு தலைமையில் அமைந்த கமிட்டி 1937 ஜனவரியில் தன் அறிக்கையை அளித்தது. அது அமர்நாத்தைக் குற்றமற்றவர் என்றது. பந்து வீசுவோரை மாற்றுவதிலும் ஆட்டக்காரரை நிறுத்துவதிலும் தலைவருக்குத் திறமில்லை என்றது. நியாயம் கிடைத்தது, ஆனால் காலம் கடந்து கிடைத்தது. இடையில் யுத்தமும் வந்தமையால், அமர்நாத் தமது அடுத்த டெஸ்டு ஆட்டத்தை ஆடியது 1946 இலேதான். ஒரு வீரனுடைய இளமை முழுதும் வீணாயிற்று.

பிற்காலத்தில் சுதந்திர இந்தியாவின் முதல் அணிக்கு அவரே தலைவராகி 1947 இல் ஆஸ்திரேலியா சென்றார். 1949 இல் மீண்டும் ஒழுங்கீனம் என்று போர்டு அவரை விலக்கிவைத்தது. ஆயினும் 1952 இல் பாகிஸ்தானை வென்று, டெஸ்டுத் தொடர் ஒன்றில் இந்தியா பெற்ற முதல் வெற்றியைத் தேடித் தந்தவர் அவரே. இன்னுமொன்று கேளுங்கள். எந்த லார்ட்ஸ் மைதானத்தில் தந்தை பழி சுமந்தாரோ, அதே மைதானத்தில் 1983 இல் உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வு பெற்றவர் அவருடைய மைந்தர் மொகிந்தர்.

அமர்நாத்தின் மீது தவறே இல்லையென்று நான் சாதிக்க வரவில்லை. கருவிகளை எறிந்தது தவறே. அதற்குக் கடிந்துரைத்தல் போதும். ஒரு ஆட்டத்திற்கு விலக்கினும் தகும். அணியின் வெற்றியையே பலியிட்டதுதான் பெரும்பிழை. இடித்துரைப்போரை விலக்கும் தலைவன் பகைவரின்றியே கெடுவான் என்பது நம் முன்னோர் கண்ட நீதியன்றோ?

நிற்க. இது நம் சங்கத்திற்கு எவ்வாறு பொருந்தும் என்று வினவுவீர்கள். நாமும் நிர்வாக சபைக்கும், உபகாரச் சம்பளத்திற்கும் ஆட்களைத் தெரிந்தெடுக்கின்றோம். "பையன் நல்லவன், எதிர்த்துப் பேசமாட்டான்" என்பதையே நற்சாட்சிப் பத்திரமாகக் கொள்கின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் வரவு செலவுக் கணக்கில் ஓரிடத்தைச் சுட்டி வினவிய இளைஞர் ஒருவரை, அடக்கம் போதாதென்று கூறி உபகமிட்டியில் சேர்க்காது விட்டோம். அவர் வினவியது நியாயமென்று பின்னர்த் தெரிந்தது. அவரோ மீண்டும் நம் வாயிற்படி ஏறவில்லை. அன்று அவருக்கு எதிராகக் கை தூக்கியவருள் நானும் ஒருவன். இன்று இச்சபையில் அதனை ஒப்புக்கொள்கின்றேன்.

ஆதலின் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஒருவரை ஒதுக்குமுன், இவர் மீறியது சங்கத்தின் விதியையா, நம்முடைய கௌரவத்தையா என்று உங்களை நீங்களே வினவுங்கள். இருதரப்பையும் கேட்டபின் தீர்மானியுங்கள். இளைஞர்களே! உங்கள் கருத்தை அஞ்சாது கூறுங்கள். கூறிய பின் உங்களுக்கு இட்ட வேலையைக் குறைவறச் செய்யுங்கள். சினம் நியாயத்தின் வலிமையைக் குறைக்கும் என்பதை மறவாதீர்கள். தாய்மார்களே! ஏன் என்று கேட்கும் குழந்தையை வாய்மூடச் செய்யாதீர்கள்.

நம் வாயிற்படி இறங்கிப் போன அவ்விளைஞரை, அக்கிராசனாதிபதி அவர்கள் அனுமதி தருவார்களாயின், நானே நேரிற் சென்று அழைத்து வரச் சித்தமாயிருக்கின்றேன் என்று கூறி, என் சொற்களை முடித்துக்கொள்கின்றேன்.