பகடையும் கணக்கும்



பினாங்கில், சுங்கை பினாங் பகுதியில் குடியிருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் என்னைத் தேடி வந்தார். தோட்டத்தில் வேலை போனபோது கிடைத்த இழப்பீட்டுப் பணம் அவரிடம் இருந்தது. கையில் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தது. 'கிராப்ஸ்' என்னும் பகடையாட்டத்தின் விதிகளை அதில் ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருந்தார். நண்பர்களோடு உல்லாசக் கப்பலில் போய் ஆடுவதாகத் திட்டம். "சார், விதி தெரியாதவன்தானே தோற்கிறான்? நான் எல்லாம் படித்துவிட்டேன். சரிதானா பாருங்கள்" என்றார்.

கணக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவன் என்ற முறையில் அவருக்கு நான் சொன்ன பதிலையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

கிராப்ஸ், இங்கிலாந்தில் ஆடப்பட்ட 'ஹசார்ட்' என்ற ஆட்டத்திலிருந்து பிறந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் உருப்பெற்றது. இரண்டு பகடைகளை உருட்டி, இரண்டின் புள்ளிகளையும் கூட்டுவார்கள். முதல் உருட்டலில் 7 அல்லது 11 விழுந்தால் 'பாஸ்' என்ற பந்தயம் கட்டியவருக்கு வெற்றி. 2, 3, 12 விழுந்தால் தோல்வி. 4, 5, 6, 8, 9, 10 ஆகியவற்றுள் ஒன்று விழுந்தால், அதுவே இலக்கு எண். அந்த எண் மறுபடி விழும்வரை உருட்டவேண்டும். அதற்குமுன் 7 விழுந்துவிட்டால் பணம் போயிற்று. வென்றால், 10 வெள்ளி கட்டியவருக்கு அந்த 10 வெள்ளியோடு இன்னொரு 10 வெள்ளி கிடைக்கும். விதி இவ்வளவுதான்.

இனி, ஒரு தாளில் குறுக்கே 6, நெடுக்கே 6 என்று 36 கட்டங்கள் வரையுங்கள். இரண்டு பகடைகளும் விழக்கூடிய வழிகள் இந்த 36-தான். இவற்றுள் 7 வருவதற்கு 6 வழிகள் உண்டு. 6 வருவதற்கும் 8 வருவதற்கும் தலைக்கு 5 வழிகள். 5-க்கும் 9-க்கும் 4. 4-க்கும் 10-க்கும் 3. ஆகவே, முதல் உருட்டலில் வெல்ல 8 வழிகள் இருக்க, தோற்க 4 வழிகளே உள்ளன. ஆட்டம் நமக்குச் சாதகமாகத் தோன்றுவது இதனால்தான். ஆனால் மீதி 24 வழிகளில் இலக்கு எண் அமைகிறது. அப்போது எந்த இலக்கானாலும் அதைவிட 7-க்கே வழிகள் அதிகம்.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால், 495 ஆட்டங்களுக்குச் சராசரியாக 244 வெற்றி, 251 தோல்வி. ஒவ்வொன்றுக்கும் 10 வெள்ளி வைத்தவர் 70 வெள்ளி இழந்திருப்பார். நூற்றுக்கு ஏறக்குறைய 1 வெள்ளி 41 சென். மேசையில் உள்ள பந்தயங்களில் இது மிகவும் இரக்கமுள்ள ஒன்று! "அடுத்த உருட்டலில் 7 விழும்" என்று கட்டுவதும் ஒரு பந்தயம். வென்றால் 4 மடங்கு லாபம். ஆனால் 7 விழுவதோ 6-இல் ஒரு முறை. நியாயமாக 5 மடங்கு தரவேண்டும். இதில் நூற்றுக்கு 16 வெள்ளிக்கு மேல் போய்விடும்.

நண்பர் விடவில்லை. "தோற்றால் அடுத்த முறை இரட்டிப்பாகக் கட்டுவேன் சார். ஒரு முறை வென்றால் விட்டதெல்லாம் வந்துவிடும். எத்தனை முறைதான் தோற்க முடியும்?" என்றார். சேர்ந்தே கூட்டினோம். 10, 20, 40, 80, 160, 320. ஆறு முறை தொடர்ந்து தோற்றால் 630 வெள்ளி போய்விடும். ஏழாவது முறை 640 வெள்ளி வைக்கவேண்டும். வென்றாலும் மிஞ்சுவது வெறும் 10 வெள்ளி. ஒரு பந்தயத்துக்கு இவ்வளவுதான் என்று மேசைக்கும் வரம்பு உண்டு. இப்படி ஆறு தோல்வி தொடர்வது சுமார் 59-க்கு ஒரு முறை நடக்கும். ஓர் இரவுக்குள் நடக்கக் கூடியதே. 'இவ்வளவு நேரம் தோற்றோம், இனி வெற்றி வரும்' என்பதும் மயக்கமே. முந்திய உருட்டலைப் பகடை நினைவில் வைத்திருப்பதில்லை.

நம் நாட்டில் உரிமம் பெற்ற ஒரே சூதாட்ட மாளிகை, 1971-இல் விடுதி திறக்கப்பட்ட கெந்திங் மலையில் உள்ளது. சீனர்களின் 'தாய் சாய்' ஆட்டத்தில் மூன்று பகடைகள். 'பெரியது' என்று கட்டினாலும் 'சிறியது' என்று கட்டினாலும், 216 வழிகளில் 105 நமக்கு, 111 மாளிகைக்கு. மூன்று பகடையும் ஒரே எண்ணாக விழுந்தால் பணம் மாளிகைக்கே என்ற ஒரு விதிதான் இதற்குக் காரணம். ஆட்டம் மாறினாலும் கணக்கு மாறவில்லை, பாருங்கள்.

மகாபாரதத்தில் நளன் கதையை நீங்கள் அறிவீர்கள். சூதில் நாட்டை இழந்த நளன், பின்னர் இருதுபன்ன மன்னனுக்குத் தேரோட்டியாகிறான். மரத்தின் இலையையும் காயையும் பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொல்லும் வித்தையும் பகடையின் நுட்பமும் அறிந்தவன் அம்மன்னன். அவனிடமிருந்து நளன் அந்த வித்தையைக் கற்றதும், அவனைப் பிடித்திருந்த கலி வெளியேறுகிறான். எண்ணத் தெரிந்ததும் கலி விலகியது என்பதுதான் இக்கதையில் எனக்குப் பிடித்த இடம்.

நண்பர் நோட்டை மூடினார். "அப்படியானால் இத்தனையும் படித்தது வீணா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். விதிகளைப் பாதி படித்தவருக்கு ஆசை வரும். கணக்குவரை படித்தவருக்கு விலை தெரியும். அந்தப் பணம் அவருடையது. முடிவும் அவருடையதே.

நேயர்களே, இன்றிரவு பிள்ளைகளோடு அமர்ந்து அந்த 36 கட்டங்களை வரையுங்கள். பணத்துக்குப் பதில் புளியங்கொட்டைகளை வைத்து, இரண்டு பகடைகளை 100 முறை உருட்டி, எந்த எண் எத்தனை முறை விழுந்தது என்று எழுதுங்கள். புளியங்கொட்டை போனால் சிரித்துக்கொண்டே எழுந்துவிடலாம். வீட்டுப் பணம் அப்படியல்ல.