எழுவாய் எங்கே?



"பசியால் பல்லாயிரவர் மடிந்தனர்" என்று ஏடு எழுதுகிறது. படிக்கிறோம், பதைக்கிறோம், பக்கத்தைப் புரட்டுகிறோம். மடிந்தவர் அங்கே உண்டு. மடியச் செய்தவர் உண்டா? பட்டினி கிடந்தனர் என்பது ஒன்று. பட்டினி போட்டனர் என்பது வேறொன்று. முன்னதற்குக் கண்ணீர் போதும். பின்னதற்குக் குற்றவாளிக் கூண்டன்றோ வேண்டும்!

1984 அக்டோபர் 23. எத்தியோப்பியாவின் வடபுலத்திலே, கோரெம் எனும் ஊரிலே, எலும்பும் தோலுமாய்க் கிடந்த மக்களை முகமது அமீன் படம் பிடித்தார், மைக்கேல் பர்க் விளக்கினார், பி.பி.சி. ஒளிபரப்பியது. பைபிள் காலத்துப் பஞ்சம் இருபதாம் நூற்றாண்டிலே என்று வருணித்தார் பர்க். உலகம் உருகிற்று. 1985 ஜூலை 13இல் இலண்டனிலும் பிலடெல்பியாவிலும் பாடகர்கள் திரண்டனர். பணம் கோடி கோடியாய்க் குவிந்தது. பழிக்கமாட்டேன் நான். அந்தப் படம் இல்லையேல், பலருக்கு அந்தப் பிடிச்சோறும் இல்லை.

ஆனால் "பைபிள் காலம்" என்ற அந்தச் சொல்! அதிலே வானம் இருக்கிறது, வறட்சி இருக்கிறது, விதி இருக்கிறது. விமானம் இருக்கிறதா? வானம் பொய்த்தது மெய்தான். அதே வானிலே மெங்கிஸ்து ஆட்சியின் போர் விமானங்களும் பறந்தனவே! திக்ராயின் சந்தைகள்மீது குண்டு வீசினர். பகலிலே கூட அஞ்சி, மக்கள் இரவிலே சந்தை கூட்டினர். படை, தானியத்தை எரித்தது. கிளர்ச்சியாளர் வசமிருந்த ஊர்களுக்கு உணவு போகாமல் அரசு மறித்தது. இவற்றையெல்லாம் ஆய்வாளர் அலெக்ஸ் டி வால் விரிவாகத் தொகுத்து வெளியிட்டது 1991இல். படம் வீடு வந்தது ஓரிரவில். காரணம் வந்துசேர ஏழாண்டு!

நாடகம் எழுதுகிறவன் நான். மேடையிலே பிணம் விழுந்தபின், கத்தி யார் கையில் என்று காட்டாமலே திரையை இறக்கினால் கொட்டகையிலே நாற்காலி மிஞ்சுமா?

போரிலே பட்டினியை ஆயுதமாக்குவதை 2018இல் ஐ.நா. பாதுகாப்பு அவை ஒருமனதாய்க் கண்டித்தது, 2417ஆம் தீர்மானத்தால். இரண்டே ஆண்டு. 2020 நவம்பரில் அதே திக்ராயிலே மீண்டும் போர், மீண்டும் பசி. இம்முறை படமும் அரிது. தொலைபேசி ஊமையாயிற்று, செய்தியாளருக்குப் பெரும்பாலும் வாயிலை அடைத்தனர். 1984இன் படத்திலிருந்து ஆள்வோர் கற்ற பாடம் அதுதான் போலும்!

நாளைக் காலை ஏட்டை விரியுங்கள். "பஞ்சம்" என்ற சொல்லைக் கண்டதும் எழுவாயைத் தேடுங்கள். கிடைக்கவில்லையா? ஆசிரியருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள். நம் ஏட்டின் ஆசிரியரையும் சேர்த்தே சொல்கிறேன், அவர் கோபிக்கமாட்டார்.