கல்லெறிந்தால் என்ன விழும்?



மரத்திடம் வரம் கேட்கப் போகிறவர்களின் அவசரத்தைப் பற்றி நம்மிடம் ஒரு சொலவடை உண்டு. அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம்! ஞானத்தையும் நாம் அந்த வேகத்தில்தான் கேட்கிறோம். சித்தார்த்தர் போதி மரத்தடியில் உட்கார்ந்தார், புத்தராக எழுந்தார் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறோம். அதற்கு முன் ஆறு வருஷம் அவர் அலைந்த அலைச்சலை யாரும் சொல்வதில்லை.

தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள் இருக்கிறீர்களா? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். ஆழ்வார்திருநகரிக்குப் போயிருப்பீர்கள். தாமிரபரணிக் கரை. கோயிலுக்குள் ஒரு புளியமரம். அதன் பொந்தில் நம்மாழ்வார் 16 வருஷம் வாய் திறக்காமல் இருந்தார் என்பது வைணவ மரபு. தெற்கே தெரிந்த ஒளியைப் பின்பற்றி வடக்கிலிருந்து வந்த மதுரகவி, இவருக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க ஒரு கல்லைத் தூக்கிப் பக்கத்தில் போட்டாராம். கண் திறந்தது! நாமும் சின்ன வயதில் புளியமரத்தடியில் கல் எறிந்தவர்கள்தான். நமக்கு விழுந்தது புளியம்பழம். அவருக்கு விழுந்தது 1,102 பாசுரம், திருவாய்மொழி! ஏன் தெரியுமா? அவர் கையில் கல் இருந்தது. மனசில் ஒரு கேள்வியும் இருந்தது.

அந்த மரத்துக்கு உறங்காப்புளி என்று பெயர். இரவிலும் இலை மூடாது என்பார்கள். மற்ற புளியமரமெல்லாம் தூங்குமா? தூங்கும். பொழுது சாய்ந்தபின் நான் கொழுந்து பறிக்கக் கை நீட்டினால் அப்பத்தா தட்டிவிடும். "மரம் தூங்குதுடா, எழுப்பாத."

பல வருஷம் கழித்து ஒன்று படித்தேன். அலெக்சாண்டரின் கப்பற்படையில் வந்த ஆண்ட்ரோஸ்தெனீஸ், இன்றைக்கு நாம் பஹ்ரைன் என்கிற தீவில் ஒரு மரத்தைப் பார்த்தார். ராத்திரி மூடிக்கொண்டு விடிந்ததும் விரிகிற மரம். அது தூங்குகிறது என்று அந்த ஊர்க்காரர்கள் சொன்னார்களாம். தியோபிராஸ்டஸ் தம் தாவர நூலில் அதை எழுதிவைத்தார். அது புளியமரம்தான் என்கிறார்கள் அறிஞர்கள். அம்மா, 2,300 வருஷத்துக்கு முன்னால், கடலுக்கு அந்தப் பக்கம், என் அப்பத்தாவின் வார்த்தை!

ஒரு இணுக்கைக் கையில் எடுத்துக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு சின்ன இலையின் அடியிலும் கடுகைவிடச் சிறிய ஒரு புடைப்பு. அதற்குள் ஒரு பக்கம் நீர் ஏறும், மறுபக்கம் இறங்கும், இலை மடங்கும். இதைப் பார்க்க உபதேசம் வேண்டாம். பொழுது சாயும்போது கொஞ்ச நேரம் சும்மா நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த மேடைக்குப் பின்னால் ஒரு புளியமரம் இருக்கிறது. நாலு மணிக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அடிமரத்தில் 11 ஆணி. அதில் தொங்குகிற ஒரு தகரப் பலகையில் 'நினைவாற்றல் பெருக அணுகவும்' என்று எழுதியிருக்கிறது. அறிவு தருகிறோம் என்று சொல்ல மரத்தின் நெஞ்சில்தானா ஆணி அடிக்க வேண்டும்? வயிறு எரிகிறது ஐயா.

பையில் குறடு கொண்டுவந்திருக்கிறேன். பேச்சை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். எழுந்து வாருங்கள், வெளிச்சம் இருக்கும்போதே பிடுங்கிவிடுவோம். மணி ஆறாகப் போகிறது. அப்புறம் மரத்தை எழுப்பக் கூடாது.