கில்ட்டுக்கு ஏற்ற சட்டையும் டையும்

(மாதக் கூட்டத்தில் பேசியது)

மகள் கல்யாணத்துக்கு ஸ்காட்லாந்து போய் வந்ததைப் பற்றிப் பேசச் சொன்னார் செயலாளர். போட்டோ பார்த்தவர்கள் எல்லோரும் நான் கில்ட் கட்டிய கதையைத்தான் கேட்கிறீர்கள். அதையே சொல்கிறேன்.

சம்பந்தி வீட்டு ஆண்கள் அத்தனை பேரும் கில்ட். எனக்கும் ஒன்று வாடகைக்கு எடுத்திருந்தார்கள்: கரும்பச்சை, கருநீலம், கறுப்பு கலந்த 'பிளாக் வாட்ச்' கட்டம். சட்டையும் டையும் என் பொறுப்பு. வங்கி கவுண்டரில் 35 வருஷம் டை கட்டாமலே ஓட்டியவன் நான். மகளுக்குத் தலைகுனிவு வந்துவிடக்கூடாதே என்று அதே கட்டம் போட்ட டையாகத் தேடி வாங்கினேன். கோடு போட்ட சட்டை வேறு!

சம்பந்தி பார்த்தார். சிரிக்கவில்லை, நல்ல மனிதர். கட்டம் இடுப்போடு இருக்கட்டும் என்றார். முழு கில்ட் என்றால் சுமார் 8 கெஜம் கம்பளித் துணி, பின்பக்கம் முழுக்க மடிப்பு. பார்ப்பவர் கண் அங்கேதான் போகும். அதனால் மேலே வெள்ளைச் சட்டை. டை ஒரே நிறம், அதுவும் கட்டத்தில் உள்ள நிறங்களில் ஒன்று. எனக்குக் கரும்பச்சை. பகலில் ட்வீட் கோட்டு போட்டால் கிரீம் நிறச் சட்டையும் பொருந்தும். ராத்திரி விருந்துக்கு 'பிரின்ஸ் சார்லி' என்ற குட்டைக் கோட்டு. அதற்குக் கறுப்பு போ டைதான்.

இன்னொன்று, கில்ட்டைத் தொப்புள் உயரத்தில் கட்டுகிறார்கள். டை நுனி அதற்குக் கீழே தொங்கினால் அசிங்கம். வெயிஸ்ட்கோட் போட்டு உள்ளே மறைத்துவிட்டேன்.

அந்தக் கட்டம் போட்ட டை பீரோவில் சும்மா கிடக்கிறது. வேண்டுபவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.