படகிலும் பேதமா?



பெருந்துன்பம் நேர்ந்துவிட்டால் மனிதரிடையே உள்ள வேறுபாடுகள் யாவும் அகன்றுவிடும் என்று சொல்லக் கேட்கிறோம். வெள்ளத்துக்கும் புயலுக்கும் சாதி ஏது, மொழி ஏது, நிறம் ஏது என்று நாமும் கூறுகிறோம். கேட்பதற்கு இனிய கருத்துத்தான். ஆயினும் அது எவ்வளவு தூரம் உண்மை என்பதை ஆராய்ந்து பார்த்தல் நலம். அதற்கு 1912-ஆம் ஆண்டில் அட்லாண்டிக் கடலில் நிகழ்ந்த டைட்டானிக் கப்பல் விபத்தை நாம் எடுத்துக்கொள்வோம்.

ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு 11 மணி 40 நிமிடத்துக்கு அக்கப்பல் பனிப்பாறையில் மோதிற்று. மறுநாள் விடியுமுன், 2 மணி 20 நிமிடத்துக்குக் கடலில் மூழ்கிற்று. அதில் சென்ற ஏறத்தாழ 2,200 பேரில் சுமார் 1,500 பேர் மாண்டனர். இருந்த உயிர்காப்புப் படகுகள் 20. அவற்றில் 1,178 பேர்க்கே இடம் உண்டு. அவ்விடமும் நிரம்பாமலே பல படகுகள் இறங்கின. முதல் வகுப்பில் பயணம் செய்தோரில் ஐவருக்கு மூவர் வீதம் பிழைத்தனர். மூன்றாம் வகுப்பிலோ நால்வருக்கு ஒருவரே பிழைத்தார். மேல் தளம், கீழ்த் தளம் என்ற பேதத்தைக் கடல் அழித்துவிடவில்லை என்பதற்கு இக்கணக்கே சான்று.

இக்கப்பலைப் பற்றி 1997-ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படத்தை நேயர்களில் பலர் கண்டிருப்பீர்கள். செல்வக் குடும்பத்துப் பெண்ணும் ஏழை இளைஞனும் கொண்ட காதலை அது சொல்லுகிறது. அவ்விருவரும் கற்பனைப் பாத்திரங்கள். ஆனால் உண்மையாகவே காதல் கொண்டோர் அக்கப்பலில் இருந்தனர்.

கார்ல் பேர் என்பவர் அமெரிக்க டென்னிஸ் வீரர், வயது 26. ஹெலன் நியூசம் என்னும் 19 வயது நங்கையை அவர் விரும்பினார். பெண்ணின் தாய்க்கு அதில் உடன்பாடு இல்லை. மகளை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றுவிட்டார். இளைஞரோ பின்தொடர்ந்து சென்று, அவர்கள் திரும்பி வரும் கப்பலிலேயே தாமும் ஏறினார். விபத்து நேர்ந்த இரவில், தம்முடன் இருப்போர் யாவரும் படகில் ஏறலாமா என்று அத்தாயே கப்பல் நிறுவனத் தலைவரைக் கேட்டார். ஏறலாம் என்று விடை வந்தது. அவ்வாறு ஏறியவர்களுள் அந்த இளைஞரும் ஒருவர். 1913-ஆம் ஆண்டில் இருவருக்கும் திருமணம் நடைபெற்றது.

இரண்டாம் வகுப்பில் மற்றொரு குடும்பம் இருந்தது. ஜோசப் லரோஷ் ஹெய்ட்டி நாட்டில் பிறந்த கறுப்பினத்தவர். பிரான்சு நாட்டில் பொறியியல் கற்றவர். அவருடைய மனைவி ஜூலியட் வெள்ளை இனத்துப் பிரெஞ்சுப் பெண். 1908-ஆம் ஆண்டில் காதலித்து மணந்துகொண்டவர்கள். கல்வி இருந்தும், நிறத்தின் காரணமாக லரோஷுக்குத் தகுதிக்கேற்ற ஊதியத்தில் வேலை அகப்படவில்லை. ஆகவே, இரு பெண் குழந்தைகளுடன் தாய்நாட்டுக்கே திரும்பிவிடத் துணிந்தார். முதலில் அவர்கள் சீட்டு வாங்கியது வேறொரு பிரெஞ்சுக் கப்பலுக்கு. குழந்தைகள் பெற்றோருடன் அமர்ந்து உண்ணக் கூடாது என்பது அக்கப்பலின் விதி. அது பிடிக்காமல் டைட்டானிக்குக்குச் சீட்டை மாற்றிக்கொண்டனர். கருவுற்றிருந்த மனைவியும் குழந்தைகளும் பிழைத்தனர், லரோஷ் மாண்டார். அவ்வாண்டு டிசம்பரில் ஜூலியட் ஓர் ஆண் மகவை ஈன்றார். மகனுக்குத் தந்தையின் பெயரையே சூட்டினார்.

இவ்விரு காதலுக்கும் தடை இருந்தது. ஒன்றில் தடையாக நின்றது ஒரு தாயின் உள்ளம். அது ஓர் இரவில் கனிய முடிந்தது. மற்றொன்றில் தடையாக நின்றது ஒரு சமுதாயத்தின் வழக்கம், அது கனியவில்லை. அக்குடும்பத்தைக் கப்பலேறச் செய்ததே அவ்வழக்கந்தான்.

இனி, படகுகளில் நிகழ்ந்ததைக் காண்போம். ஹெரால்டு லோ என்னும் இளம் அதிகாரி ஒரு படகுக்குப் பொறுப்பாளர். படகு இறங்குகையில் பிறர் குதித்துவிடாதிருக்கக் கைத்துப்பாக்கியால் சுட்டார். பின்னர் நடந்த விசாரணையில், குதிக்க முயன்றோரை இத்தாலியர் என்று இழித்துக் கூறினார். இத்தாலியத் தூதர் மறுப்புத் தெரிவிக்கவே, அச்சொல்லை மாற்றிக் கையெழுத்திட்டுத் தரலானார்.

எனினும், கப்பல் மூழ்கிய பின் உயிருடன் இருப்போரைத் தேடித் திரும்பிச் சென்ற அதிகாரியும் இவரே. அப்போது ஒரு பலகையில் தம்மைக் கட்டிக்கொண்டு ஒருவர் மிதந்தார். அவரை ஜப்பானியர் என்று கருதிய லோ, காப்பாற்றத் தக்கவர் வேறு பலர் உள்ளனரே என்று முதலில் தயங்கினாராம்; பிறகு மனம் மாறிப் படகில் ஏற்றினாராம். உணர்வு திரும்பிய அம்மனிதர், களைத்திருந்த ஒருவரின் துடுப்பை வாங்கி வலிக்கத் தொடங்கினார். முன்பு கூறியதற்காக லோ வெட்கமுற்றார் என்று, அவருடைய படகில் ஏறிய சார்லட் காலியர் என்னும் பெண்மணி எழுதியிருக்கிறார்.

மீட்கப்பட்டவர் ஜப்பானியர் அல்லர், சீனர். அக்கப்பலில் சென்ற சீனர் எண்மர், பிழைத்தோர் அறுவர். மற்றவர்களுக்கு நியூயார்க் துறைமுகத்தில் போர்வையும் உணவும் ஆறுதலும் கிடைத்தன. இந்த அறுவருக்கோ 1882-ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டம் குறுக்கே நின்றது. மறுநாளே வேறொரு கப்பலில் அனுப்பப்பட்டனர். படகில் ஒளிந்து வந்த கோழைகள் என்று செய்தித்தாள்கள் அவர்களை ஏசின. பலகையில் மிதந்தவர் பிற்காலத்தில் அமெரிக்காவில் குடியேறி வாழ்ந்தார். தம் மகனிடங்கூட இதனைச் சொல்லாமலே மறைந்தார். மேற்கூறிய திரைப்படத்துக்காக அவரை மீட்கும் காட்சி படமாக்கப்பட்டது. ஆயினும் வெளிவந்த படத்தில் அது இடம் பெறவில்லை.

இவற்றால் நாம் அறிவது யாது? துன்பம் தானாகவே பேதத்தைப் போக்குவதில்லை. லோவின் மனத்தை மாற்றியது கடலன்று. தம் அருகே அமர்ந்து துடுப்பு வலித்த ஒரு மனிதரின் கை. அக்கையைக் கண்ட பிறகு, அவர் எந்நாட்டவர் என்ற கேள்வி எழவில்லை. கரையில் இருந்தோர் அக்கையைக் காணவில்லை. ஆகவே அவர்களிடம் பழைய வெறுப்பு அப்படியே இருந்தது.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழராகிய நாம் இதனை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள். மதராசி என்று ஒரே சொல்லில் நம்மை ஒதுக்கும்போது உள்ளம் நோகிறது. அண்டை வீட்டாரைப் பற்றி நம் இல்லங்களில் வழங்கும் சொற்களும் அத்தகையவையே அல்லவா? மழை வெள்ளம் வந்தால் அவர்கள் வீட்டு மாடியில் தங்குகிறோம். நோயுற்றால் அவர்கள் தரும் உணவை உண்கிறோம். ஆனால், அதே வீட்டுப் பிள்ளையை நம் மகள் விரும்புகிறாள் என்று கேட்டதும் முகம் மாறுகிறது. வெவ்வேறு சமயத்தார் மணந்துகொள்வதற்கு 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமே வழி செய்திருக்கிறது. நம் உள்ளத்துக்கு வழி செய்ய வேண்டியவர் நாமே.

அந்தப் பிள்ளையை ஒருமுறை வீட்டுக்கு அழைத்து, எதிரில் அமர்த்தி, அவன் என்ன படித்தான், என்ன தொழில் செய்கிறான், முதியோரிடம் எவ்வாறு நடந்துகொள்கிறான் என்று கேட்டும் கண்டும் அறிவோமாக. மறுப்பதாயினும் அதன் பிறகு மறுப்போம். நன்கு அறிந்துகொண்ட ஒருவரை மொழிக்காகவும் குலத்துக்காகவும் மட்டும் மறுப்பது எளிதன்று என்பதை அப்போது நாமே உணர்வோம்.