போகாத பயணத்தின் கணக்கு

  

பெருநகரப் போக்குவரத்துத் திட்டமிடலில் எனக்கும் துறை நண்பர்களுக்கும் நெடுநாள் வழக்கு ஒன்று உண்டு. 1950களில் அமெரிக்க நகரங்களில் உருவான நான்கு படி முறையையே நாம் இன்றும் பின்பற்றுகிறோம். எத்தனை பயணம் கிளம்புகிறது, எங்கே போகிறது, எந்த வாகனத்தில், எந்த வழியில்? நடந்த பயணங்களை எண்ணித்தான் நாளையதை அது கணிக்கிறது; நடக்காத பயணத்துக்கு அங்கே இடமே இல்லை. நண்பர்கள் உடனே பொருளியலறிஞர் டேனியல் மெக்ஃபேடனைக் காட்டுவார்கள். சான்பிரான்சிஸ்கோவில் 1972இல் பார்ட் ரயில் ஓடத் தொடங்குமுன் திரட்டிய தரவைக் கொண்டு, வேலைக்குப் போவோரில் 6.3 விழுக்காட்டினர் அதில் ஏறுவர் என்று கணித்தார்; ஏறியவர்கள் 6.2. அருமையான கணிப்புதான். ஆனால் அது ஏற்கெனவே வேலைக்குப் போய்வந்தவர்களின் வாகனத் தேர்வு. வீட்டைவிட்டுக் கிளம்ப முடியாதவரைப் பற்றி அது பேசவில்லை.

விருதுநகர் மாவட்டத்தின் திருச்சுழி வட்டாரத்தில் ஒரு கண்மாய்க்கரை ஊரை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள பெண் ஒருவருக்கு அருப்புக்கோட்டையில் மூன்று வேலை: அரசு மருத்துவமனையில் சர்க்கரை மாத்திரை வாங்க வேண்டும், அடகு நகைக்கு வட்டி கட்ட வேண்டும், மில்லில் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும். போகவரக் காசில்லை. மாத்திரை தீர்ந்த பிறகும் நாளைத் தள்ளுகிறார். மூன்றும் ஒன்றாகச் சேரும் நாளில்தான் கிளம்புகிறார். கணக்கெடுப்பவர் வந்து, “நேத்து எங்கம்மா போனீங்க?” என்கிறார். “எங்கயும் போகல சார்.” படிவத்தில் பூஜ்யம் விழுகிறது. நான்கு படி மாதிரி அதைத் தேவையில்லை என்று படிக்கிறது. தேவையில்லாத ஊருக்குப் பேருந்து எதற்கு? பேருந்தில்லாத ஊரில் அடுத்த கணக்கெடுப்பிலும் பூஜ்யம்தான்.

கட்டணத் தடை நீங்கினால் என்ன ஆகும்? 2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. அப்பேருந்துகளின் பயணிகளில் பெண்களின் பங்கு 40 விழுக்காட்டிலிருந்து 61 ஆனதாக அரசே அறிவித்தது. ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக்குழு ஆய்வு சொன்னது. ஷேர் ஆட்டோவிலிருந்தும் தனியார் பேருந்திலிருந்தும் மாறி வந்தவர்கள்தான் இந்தப் புதிய பயணிகள் என்கிறார்கள் துறை நண்பர்கள். ஒரு பகுதியினர் அப்படித்தான். எல்லோரும் அப்படி என்று சொல்ல எந்தக் கணக்கு அவர்களிடம் இருக்கிறது? முன்பு கிளம்பாதவர்களை எண்ணி வைத்திருந்தால்தானே தெரியும்! இன்னொன்று: சலுகை தொடங்கியபோது நகரப் பேருந்துக்கு மட்டும்தான் இருந்தது. புறநகர்ப் பேருந்து மட்டும் நின்று போகும் ஊர்ப் பெண் முழுக்கட்டணம் கொடுத்தார்; இல்லையென்றால் வீட்டில் இருந்தார்.

கணக்கில் விட்டுப்போகும் பயணிகளை மதுரையிலும் பார்க்கலாம். திருமங்கலம் – ஒத்தக்கடை மெட்ரோவுக்கு ஏறக்குறைய 32 கி.மீ. வழித்தடம் வரைந்தார்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கும் கட்டட வேலைக்கும் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் இத்தகைய திட்டங்களுக்கான மாதிரிகளில் ஆய்வு எல்லைக்கு வெளியே ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடுகிறார்கள். 

இளம் ஆய்வாளர்களுக்குச் சில குறிப்புகள். கட்டணமில்லாச் சீட்டுகளை நிறுத்தம்வாரியாகப் பகுத்துப் பாருங்கள். மினி பேருந்து வந்த ஊரையும் வராத ஊரையும் ஒப்பிடுங்கள். இவ்வட்டாரத்தைக் கடக்கும் மானாமதுரை ரயிலின் நேரத்தையும் பேருந்து நேரத்தையும் சேர்த்துப் படியுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், அடுத்த கணக்கெடுப்புப் படிவத்தில் இந்த ஒரு கேள்வியைச் சேருங்கள்: “போக வேண்டியிருந்தும் போகாமல் விட்டது எங்கே, ஏன்?”