கல்லுக்குச் சொத்து உண்டு, மகளுக்கு?

(காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



உயில், தானப் பத்திரம், அறக்கட்டளை இவைகளைப் பற்றிப் பேசும்படி நமக்குக் கட்டளையிட்டிருக்கின்றீர்கள். இது வக்கீல்கள் பேசவேண்டிய சங்கதியல்லவா, பகுத்தறிவுக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். வக்கீல் சட்டத்தைச் சொல்லுவார். அந்தச் சட்டத்தை வீட்டுக்குள் விடாமல் வாசற்படியிலேயே நிறுத்துகின்ற வழக்கத்தைப் பற்றிப் பேசத்தான் நாம் வந்திருக்கின்றோம்.

இந்த ஊர்க் கோயில் சுவரெல்லாம் பத்திரந்தான்! இன்ன நிலம், இன்ன எல்லை, இன்னார் கொடுத்தது என்று கல்லிலே வெட்டி வைத்திருக்கின்றார்கள். 10-ஆம் நூற்றாண்டில் உத்தம சோழன் காலத்துச் செப்பேடொன்று, ஊரகத்துக் கோயிலின் வரவு செலவைப் பார்க்கும் பொறுப்பை இவ்வூர் நெசவாளரிடம் ஒப்புவித்ததைச் சொல்லுகின்றது. அன்று சாமியின் கணக்கை எழுதிய ஊரில், இன்று தன் வீட்டுக் கணக்கை எழுதாமலே சாகின்றவர்கள் எத்தனை பேர்!

கோயிலிலுள்ள விக்கிரகம் சட்டப்படி ஒரு நபர். அதற்குச் சொத்து உண்டு. அதன் பேரில் வழக்கும் போடலாம். 1925-ல் பிரிவி கவுன்சிலே இதை உறுதி செய்தது. அதே காலத்தில் புருஷனை இழந்த பெண்ணின் கதி என்ன? புருஷன் சொத்தை ஆயுள்வரை அனுபவிக்கலாமேயொழிய, இஷ்டப்படி விற்கவோ எழுதி வைக்கவோ அவளுக்குப் பாத்தியமில்லை. பசிக்காத கல்லுக்கு முழு உரிமை. பெற்று வளர்த்தவளுக்குச் சோற்று உரிமை! இது மாற 1956-ம் வருஷச் சட்டம் வரவேண்டியிருந்தது.

பெண்ணுக்கும் ஆணைப்போல் சொத்துரிமை வேண்டுமென்று 1929-ல் பக்கத்துச் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு தீர்மானித்தபோது சிரித்தவர்கள் அநேகர். 1989-ல் தமிழ்நாட்டுச் சட்டம் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு கொடுத்தது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணமானவளை விட்டுவிட்டது. 2005-ல் இந்தியா முழுமைக்கும் வந்த திருத்தம் அந்தப் பேதத்தையும் நீக்கியது. அந்தத் திருத்தம் வந்த நாளில் தகப்பன் உயிரோடிருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-ந் தேதிக்கு முன் முறைப்படி பாகம் பிரித்து முடிந்த சொத்துக்களை இது தொடாது.

சரி, சட்டம் வந்துவிட்டது. நடப்பது என்ன? தகப்பன் இறந்த காரியம் முடிந்ததும் தங்கைக்கு ஒரு பட்டுச்சேலை வருகின்றது. சேலைக்குப் பின்னாலேயே விடுதலைப் பத்திரமும் வருகின்றது! "உனக்குத்தான் கல்யாணத்திலேயே எல்லாம் செய்தாயிற்றே" என்கின்றார்கள். அவள் ஏழு வயதில் தார் சுற்ற உட்கார்ந்தவள். அவள் பாவுக்குப் பிடித்த கையினால் வந்த வீடல்லவா அது? அந்தக் கூலியை எந்தக் கணக்கில் எழுதினார்கள் என்று கேட்கின்றோம். கையெழுத்துப் போடாவிட்டால் அண்ணன் வீட்டு வாசல் அடைந்துவிடும், பிள்ளைக்குத் தாய்மாமன் சீர் நின்றுவிடும் என்று பயந்து போடுகின்றாள். பதிவான பின் அதை மாற்றவேண்டுமானால், ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கினார்களென்று கோர்ட்டில் ருசுப்படுத்தவேண்டும். அது லேசான காரியமல்ல. ஆகவே தாய்மார்களே, எந்தச் சொத்து, எவ்வளவு பங்கு, அதற்கு ஈடாக என்ன என்பதை வாசிக்கச் சொல்லிக் கேளாமல் பேனாவைத் தொடாதீர்கள்.

தானே சம்பாதித்ததை ஒருவன் மகனுக்கு மட்டும் எழுதி வைக்கலாமா என்கின்றார் ஒரு தோழர். எழுதலாம், சட்டம் தடுக்காது. எழுதாமல் இறந்தால், மனைவி, மகன், மகள், இறந்தவனின் தாய் இருந்தால் அவளும், ஆளுக்கொரு சமபங்கு பெறுவார்கள்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் கட்டாயம். சொத்துப் பெறுகின்றவனையே சாட்சி வைத்து வம்பு வாங்காதீர்கள். பதிவு கட்டாயமில்லை, செய்வது நல்லது. எத்தனை தடவை மாற்றினாலும் கடைசியில் எழுதியதே செல்லும்.

அறக்கட்டளை வைக்க ஆசைப்படுகின்றவர்கள் பச்சையப்ப முதலியாரை நினைத்துக் கொள்ளுங்கள். கோயில் தருமங்களுக்கென்று உயில் எழுதி 1794-ல் இறந்தார். பணம் வழக்கிலே கிடந்தது. தருமத்துக்குப் போக மிஞ்சியதைக் கொண்டு 1842-ல் சென்னையில் பள்ளிக்கூடம் எழும்பியது. இந்தக் காஞ்சியில் அவர் பேரால் பிள்ளைகள் படிப்பதும் அந்த மிச்சத்தினால்தான். சாமிக்கு எழுதிய பணத்தில் இதைவிட நல்ல செலவு நாம் கண்டதில்லை!

கடைசியாகக் கிழவர்களுக்கு ஒரு வார்த்தை. உயில் செத்த பிறகு பேசும். தானப் பத்திரமோ பதிவான அன்றே வீட்டைக் கைமாற்றிவிடும். பிள்ளை மேலுள்ள பிரியத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் இந்தத் தெருவிலேயே இருக்கக்கூடும். 2007-ம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டப்படி, காப்பாற்றுவதாக நிபந்தனை போட்டு வாங்கியவன் காப்பாற்றாவிட்டால், தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்து அந்தப் பத்திரத்தை ரத்துச் செய்யலாம். ஆகையால் "எங்களிருவரையும் ஆயுள்வரை வைத்துக் காப்பாற்றவேண்டும்" என்ற வரியைப் பத்திரத்துக்குள்ளேயே எழுதச் சொல்லுங்கள். பத்திரம் எழுதுகின்றவர் "அதெல்லாம் எதற்கு, உங்கள் பிள்ளைதானே" என்று சொல்லுவார். எழுதிய பிறகு கையெழுத்துப் போடுகின்றேன் என்று சொல்லி உட்கார்ந்திருங்கள்.